டிக்சன் பெயரெழுதிய பாக்ஸ்

தூத்துக்குடித் துறைமுக வாசலில் நின்று, உள்ளே போகிற லாரிகளின் எண்ணைச் சரிபார்ப்பது அற்புதமணியின் வேலை. ஒரு பக்கம் ஹாரன், ஒரு பக்கம் கிரேன், கையில் கரகரவென்று இரைகிற வாக்கிடாக்கி. அத்தனை இரைச்சலுக்குள்ளும் ஓர் எண்ணைப் பிசகாமல் பிடித்துவிடும் அவள் காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தால், சபைப் போதகரான ஐயர் செய்கிற பிரசங்கத்தில் பாதி அந்தக் காதுக்கே விளங்காது. இதில் மானம் போகிற சங்கதி என்னவென்றால், அந்தக் கோயிலின் மைக்கும் மிக்சரும் அவள் பொறுப்பில்தான் இருந்தன.

அவளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. அந்தச் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் யாராவது இறந்துபோனால் அவர்கள் பெயரில் கோயிலுக்கு எதையாவது வாங்கிக் கொடுத்தாக வேண்டும். பெஞ்சு கொடுத்து இடமில்லாமல் போனது. மின்விசிறி கொடுத்து மச்சு நிறைந்தது. சுவர்க் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டத் தொடங்கிய பிறகு, சனங்கள் ஒலிபெருக்கிப் பாக்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். தூணுக்குத் தூண் பாக்ஸ். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பெயின்டில் இன்னார் நினைவாக என்று எழுத்து. போனவர் உயிரோடு இருக்கையில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவராக இருக்கலாம், அவர் பாக்ஸ் மட்டும் அலறியாக வேண்டும். ஒரு வாரம் சத்தம் குறைந்துவிட்டால், ஆராதனை முடிந்த கையோடு மொத்தக் குடும்பமும் மிக்சர் மேசைக்கு வந்து நிற்கும். எங்கள் அம்மா பாக்ஸ் இன்றைக்கு ஏன் பேசவில்லை என்று கேட்கும்.

பின்பெஞ்சில் விளங்கவில்லை என்பார்கள். அற்புதமணி சத்தத்தைக் கூட்டுவாள். இன்னும் விளங்காது. இன்னும் கூட்டுவாள். இப்படியே கூட்டிக் கூட்டி, கடைசியில் சனங்கள் பாட்டு நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். பாடினால் தன் குரல் தனக்கே கேட்காதபோது யார்தான் பாடுவார்?

அந்த மேசைக்கு முதலில் உரியவன் அவள் புருஷன் டிக்சன். மிக்சரின் திருகுகளை ஏற்றி இறக்கிக்கொண்டே, ஞானப்பாட்டின் அடிக்குரலை வாய்க்குள் பாடுவான். பக்கத்து நாற்காலியில் இருக்கிற அவளுக்கு மட்டும்தான் அது கேட்கும். கொரோனாவின் இரண்டாம் அலை அவனைக் கொண்டுபோனது. அவன் அண்ணன் ஏசுவடியான் ஆயுசில் பாதியைச் சவுதியில் கழித்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். பூட்டிக் கிடந்த கோயில் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், தம்பி பெயரில் ஒரு பாக்ஸ் வாங்கிப் பின்சுவரில் மாட்டியதுதான். இருப்பதிலேயே பெரிய பாக்ஸ். தனக்கான இடத்தையும் அதற்கு நேர் கீழே பிடித்துக்கொண்டார். பாட்டு நேரத்தில் அவர் வாய் அசைவது தெரியும். பாடுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அற்புதமணி டிக்சனின் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள், பக்கத்தில் அவள் பழைய நாற்காலி காலியாகக் கிடந்தது. ஊரார் பாக்ஸையெல்லாம் எப்போதாவது பயந்து பயந்து குறைத்திருக்கிறாள். டிக்சன் பாக்ஸின் திருகை அவள் இறக்கியதே இல்லை.

இப்போது அந்த நாற்காலிக்கே ஆபத்து வந்திருந்தது. ஈஸ்டர் ஆராதனையில் ஐயர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகையிலும் இதே கதை நடந்தால் வெளியிலிருந்து ஆள் வைத்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டிக்குச் செயலாளர் ஏசுவடியான். அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் தணிந்த குரலில் சொன்னார், அதுதான் அவளைச் சுட்டது. வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது டிக்சனோடு உட்கார்ந்திருக்கிற இடம் அது. அதை எவனோ ஒருவனுக்கு விட்டுவிட்டு எழுந்து போக அவளுக்கு மனசு இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் பாடகர் குழுவுக்கு ஒத்திகை. உதவிக்கு ஆத்தூரிலிருந்து சங்கரபாண்டியனை வரவழைத்திருந்தாள். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எதற்கும் மைக்செட் போடுகிறவன். கூடப் பிறக்காத தம்பி மாதிரி. தொழில் வாகில் அவன் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவனை மேசையில் உட்காரவைத்துவிட்டு, அவள் கோயிலின் பின்கோடியில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வழக்கம்போல எல்லாம் கூழாக வந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பாடகர் குழு நிறுத்தவில்லை. மைக் இல்லை, கீபோர்டு இல்லை, வெறும் தொண்டையோடு பாடிக்கொண்டே போனார்கள். பின்கோடியில் நின்ற அற்புதமணிக்கு ஒவ்வொரு சொல்லும் பிட்டுப் பிட்டு வைத்தாற்போலக் கேட்டது. ஆமாம், இந்தக் கோயிலைக் கட்டின காலத்தில் மைக் ஏது? வெறும் குரலுக்காகத்தானே இத்தனை உயரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்! கரண்ட் திரும்ப வந்தது, சொற்கள் மறுபடியும் கூழாயின. அவள் பெஞ்சுகளுக்கு நடுவே உள்ள வழியில் வெறுங்காலோடு மேசைக்கு ஓடினாள்.

"ஏலே பாண்டி, எல்லாப் பொட்டியையும் அடை. ஒண்ணுவிடாம அடைச்சிட்டு, ஒண்ணொண்ணாத் தெற."

அவனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அவன் ஒவ்வொன்றாகத் திறக்க, அவள் பெஞ்சு பெஞ்சாக நடந்து கேட்டாள். பக்கத்துப் பாக்ஸ் ஒரு சொல்லை முதலில் சொல்லிவிடுகிறது. தூரத்துப் பாக்ஸின் அதே சொல் சற்றுப் பிந்தி வந்து அதன் மேல் விழுகிறது. இத்தனை பாக்ஸும் ஆளுக்கொரு நேரத்தில் பேசினால் சந்தைக்கடைதான். இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை வருசம் தொண்டை கிழியக் கிழியக் கத்தினோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மச்சைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்த முன்பாக்ஸ் இரண்டையும் சங்கரபாண்டியன் ஏணி வைத்துக் கீழே இறக்கி, சனங்களின் முகத்தைப் பார்க்கத் திருப்பினான். தூண்களில் தொங்கியவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சொற்கள் தெளிந்துகொண்டே வந்தன.

பின்பாதியில் மட்டும் கலங்கல் போகவில்லை. அங்கே இன்னும் ஒரே ஒரு பாக்ஸ் பேசிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் அதை அண்ணாந்து பார்த்தான், எழுத்தைப் படித்தான், ஏணியை மடக்கி ஓரமாக வைத்தான். புது மாதிரி மிக்சர் என்றால் அதையும் மற்றவற்றோடு ஒத்துப் பேசவைக்க வழி இருக்கிறது. இந்தப் பழைய மிக்சருக்கு அதெல்லாம் ஆகாது.

"ஊருல உள்ளவங்க பொட்டியெல்லாம் அடைச்சாச்சு. இது மட்டும் பேசலாமாக்கா?" என்று கேட்டான். அவன் தணிந்து பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் மேசைக்கு வந்தாள். அந்தத் திருகின் மேல் விரலை வைத்தபோது, டிக்சனைத் திரும்பவும் ஒருமுறை அனுப்பி வைப்பது போலத் துக்கமாக இருந்தது. இறக்கினாள். முன்னால் பாடிக்கொண்டிருந்தவர்களின் குரல் பின்சுவர் வரைக்கும் தெளிவாக வந்து நின்றது. அழுகையும் சந்தோசமும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு எதை அடக்குவது என்று தெரியவில்லை.

பண்டிகைக் காலையில் கோயில் நிரம்பி வழிந்தது. முதல் பாட்டு தொடங்கியதும் சனங்களுக்குத் திகைப்பு. தலைகள் தூண்களைப் பார்த்தன, பிறகு ஒருசேர மிக்சர் மேசையைப் பார்த்தன. ஏசுவடியான் தன் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். எழுந்தார். பாட்டு நடக்கும்போதே நடுவழியில் நடந்து வந்து மேசையருகே நின்றார்.

"என் தம்பி பொட்டி பேசலயே, ஏளா."

"நான்தான் அடைச்சேன் அத்தான். இந்தப் பாட்டு முடியட்டும், பொறவு என்ன வேணாலும் சொல்லுங்க."

அவர் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார். அற்புதமணி துணிந்து, பாடகர் குழுவின் மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். நடுவில் எங்கேயோ ஒரு பெண் பாடுவது கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. தங்கள் குரல் தங்களுக்கே கேட்கிறது என்று கண்டுகொண்ட சனங்கள், விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துப் பாடுகிறவர்களைப் போலப் பாடத் தொடங்கினார்கள். இரண்டாம் சரணத்தில் பின்பெஞ்சு எழுந்தது. மூன்றாம் சரணத்தில் கோயில் முழுவதும் ஒரே குரலாக இருந்தது. அற்புதமணி பாடகர் குழுவை இறக்கிக்கொண்டே போனாள். வாழ்நாளில் இப்படியொரு ஆனந்தத்தை அவள் கண்டதில்லை.

அப்போதுதான் தோளுக்குப் பக்கத்தில் அது கேட்டது. பாட்டின் அடிக்குரல். வாய்க்குள்ளேயே உருளுகிற, வரியின் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து விடுகிற அதே குரல். அவள் சட்டென்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏசுவடியான் பாடிக்கொண்டிருந்தார்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே தொண்டை. இத்தனை நாளும் தம்பியின் பாக்ஸுக்குக் கீழே உட்கார்ந்து இவர் இந்தக் குரலில்தான் பாடியிருக்கிறார். அவள் ஏற்றி ஏற்றி வைத்த அந்தப் பாக்ஸ்தான் அதை அவளுக்குக் கேட்கவிடாமல் அடித்திருக்கிறது. அற்புதமணி மிக்சரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது. ஐயர் பேசத் தொடங்கினார், பின்பெஞ்சில் யாரும் காதுக்குக் கையை அணைக்கவில்லை. ஏசுவடியான் கண்ணைத் திறந்து, பின்சுவரில் வாய் மூடிக் கிடந்த பாக்ஸைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சொல்ல வந்ததை மறந்துவிட்டவர் போலத் தன் இடத்துக்குத் திரும்பப் போனார்.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கன போகாதிய அத்தான். அடுத்த பாட்டுக்கும் இங்கனயே இருங்க."

ஏசுவடியான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.