பேக்கிங் தராசு

நாற்பத்தாறு வயதில் அப்பன் ஆனவன் நான். பட்டாசு கம்பெனியில் எல்லாரையும் கிண்டல் செய்தே பிழைத்த வாய், மகள் பிறந்த பத்தாம் நாள் அடைத்துக்கொண்டது. தாய்ப்பால் பத்தவில்லை. பிள்ளை சிணுங்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை என்று மனைவிக்குச் சந்தையையே தூக்கிவந்தேன். இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையில் மழிக்க ஒன்றும் இல்லை என்பது ஆத்தாளுக்கும் தெரியும்.

அதற்கடுத்துச் செய்ததுதான் கூத்து. எனக்கு பேக்கிங் வேலை. அட்டைப்பெட்டியைக் காலியாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை எடை போடுவோம். குறைந்தால் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி. அதே புத்தியோடு, கம்பெனியில் சும்மா கிடந்த தராசை பைக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கழுவித் துடைத்து, துணி விரித்து, பால் குடிக்கும் முன் மகளை ஒரு எடை, குடித்தபின் ஒரு எடை. முள் நகராவிட்டால் காலண்டர் தாளில் சிவப்புக் குறி.

மனைவி பிள்ளையை மார்பிலிருந்து எடுத்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"இந்தத் தடவையும் நான் பெயிலாங்க?"

"ஜஸ்ட்டுல போச்சு தாயி" என்று சிரிப்பேன். அவள் சிரித்ததில்லை.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்த நர்சம்மா தராசைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இதுல ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எம்புட்டு?"

"அம்பது கிராம்."

"இந்த வயசுப் பிள்ள ஒரு தடவைக்கு அம்புட்டுக் குடிக்குமா? முப்பது குடிச்சா இந்த முள்ளுக்குத் தெரியுமா?"

பட்டாசுப் பெட்டியில் முப்பது கிராம் கூடக்குறைய இருந்தால் யார் பார்த்தார்கள்?

"எடையை நாங்க பாத்துக்கிடுறோம். நீங்க அந்தப் பென்சிலைத் தூக்கிப் போடுங்க. அவுக பதறுனா வர்ற பாலும் இறங்காது."

நர்சம்மா போனபிறகு மனைவி காலண்டர் தாள்களை மடியில் பரப்பினாள். ஒவ்வொரு சிவப்புக் குறியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்ப இந்தத் தடவ எல்லாம் புள்ள குடிச்சிருக்கும்ல?"

"குடிச்சிருக்கும்."

"நாந்தான் குடுத்திருக்கேன்ல?"

சிவப்புப் பென்சிலை முறித்துக் குப்பையில் போட்டேன்.

அதன்பிறகும் அவள் விடாமல் மார்பில் போட்டுப் பார்த்தாள். ஒன்றரை மாதத்தில் பால் சுத்தமாக நின்றுபோனது. டாக்டர் சொன்ன பால் பவுடரில்தான் மகள் தேறினாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என்னையே கிண்டல் செய்கிறாள். யாராவது அவளைத் தூக்கி, "ஆத்தாடி, எம்புட்டுக் கனம்!" என்றால் மட்டும், மனைவி அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.