எல்லை தொட்ட மாப்பிள்ளை

திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு, வேங்கிக்கால் பக்கம் எங்களுக்கிருந்த மேட்டு நிலத்தின் மதிப்பு திடீரென்று உயர்ந்துவிட்டது. கேழ்வரகுகூட முகம் கொடுக்காத நிலம் அது. ஆட்சியர் அலுவலகம் அருகே வந்ததும் மனைகளாகப் பிரிந்து, மூலைக்கு மூலை வெள்ளைக்கல் நட்டுக்கொண்டு நின்றது. என் பங்கில் நான் வீடு கட்டுவேன் என்று மனைவி எதிர்பார்த்தாள். பள்ளியில் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் நான், அதை விற்றுப் பந்தயக் காருக்குத் தம்பி முறையாகும் பழைய வண்டி ஒன்றை வாங்குவேன் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் எதிர்பார்க்கவில்லை.

தங்கைக்கு வரன் பார்க்கத்தான் அன்று வேலூருக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஏற்கெனவே ஓர் இடம் கூடிவந்து, நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டு யார் கையிலிருந்தோ நழுவியதால் கலைந்திருந்தது. அதிலிருந்து அப்பாவுக்குச் சரியான உறக்கமில்லை. வேலூர்ப் பையன் எங்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் அவன் வீட்டுக்கு எதிர்வீட்டில், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் தார்ப்பாயை விலக்கிச் சிவப்புக் கார் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டே கதவு. இடுப்பளவு உயரம். விளக்குகள் வெளியே தெரியாமல் இமைக்குள் மூடிக் கிடந்தன. அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதும் இடக்கண் திறந்தது, சற்று யோசித்துவிட்டு வலக்கண்ணும் திறந்தது. அந்தத் தயக்கத்தில் நான் விழுந்தேன். மறு வாரமே வண்டி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "மாப்பிள்ளை பாக்கப் போனவன் இன்னா புடிச்சிக்கினு வந்திருக்கான் பாரு" என்று உள்ளே திரும்பிச் சொன்னார். அதன்பின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

வேகமானியில் இருநூற்று நாற்பது வரை எண்கள் இருந்தன. நான் நாற்பதைக் கண்டதில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் பசுவும் சாமியாரும் ஆட்டோவும் ஒரே நிதானத்தில் போவார்கள். அவர்களை முந்துவது மரியாதையாகாது. பௌர்ணமி என்றால் வண்டி வாசலைவிட்டு அசையாது. வேகத்தடை ஒவ்வொன்றும் அதன் வயிற்றை உரசி நலம் விசாரித்தது. எந்தத் தடையை எந்தக் கோணத்தில் ஏறினால் உரசாது என்பதை நான் சூத்திரம்போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

இவை போதாவென்று ஒரு நோயும் இருந்தது. மெக்கானிக் பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மருத்துவர்போல் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"சார், இது ஓடுற ஜாதி. ஓடினா ஜில்லுனு இருக்கும். நின்னாதான் சூடு ஜாஸ்தி. முன்னாடி ஃபேன் மோட்டார் போயிடுச்சு, இந்த சைஸு இங்க எங்கயும் கெடைக்காது. ஹீட் மீட்டர் முள்ளு சிவப்புக்கு வந்துச்சுனா ஹீட்டரத் தொறந்து வுடுங்க, எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள வந்துடும். அதுக்கும் கேக்கலனா காலி ரோடா பாத்து வுட்டு அடிங்க. காத்து பட்டா தானா ஆறிடும்."

"இந்த ஊர்ல காலி ரோடு ஏது பாய்?"

"அதான் சார் பேஜாரு."

இதற்கிடையே தங்கைக்கு நல்ல இடம் அமைந்தது. பையன் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தர். தகப்பனார் இல்லை, எல்லாம் பெரியப்பாதான். பெரியப்பா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுதும் சங்கிலி பிடித்து அளந்தவர் என்பதால், சகுனத்தையும் அங்குலக் கணக்கில் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது பல்லி எந்தச் சுவரில் சொல்லியது என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டுதான் காப்பியைத் தொட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க" என்றார் பெரியப்பா. "பையன்தான் ஆசப்படறான். ஆபீஸ் ஜன்னல்ல டெய்லி பாக்கறானாம். மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க புள்ளையோட அந்தச் செவப்பு வண்டி வரணுமாம்."

அப்பா ஓராண்டுக்குப் பிறகு முதன்முறையாக என் வண்டியை அன்போடு பார்த்தார்.

பெரியப்பா எழும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. ஊர்வலத்துல வண்டி நடுவுல மக்கர் பண்ணி நிக்கக் கூடாது. எங்க வகையறாவுல ஒரு தடவ அப்படி நின்னு, அந்தக் கல்யாணமே நின்னுபோச்சு."

ஊர்வலம் என்பது நாதசுரம் நடக்கும் வேகத்தில் நடப்பது. ஓடினால் குளிர்ந்து நின்றால் கொதிக்கும் வண்டிக்கு அதைவிடக் கடுமையான தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது. முடியாதென்று சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். தங்கை மட்டும் அன்று மாலை சமையலறையில் கேட்டாள்.

"ண்ணா, அது சூடாயிடுமே?"

"ஆகும்."

"அப்போ இன்னா பண்ணுவ?"

"தெரியல."

"எதுனா பண்ணு. ஆனா நிறுத்திடாத."

வைகாசி மாதத்து மாலை. வண்டியை அலங்கரிக்க வந்த பூக்காரர் கலைஞர், குறை வைப்பவரல்லர். மல்லிகைச் சரத்தால் வலை பின்னிக் கூரையை மூடினார். சாமந்தியும் ரோஜாவும் கலந்து, இரண்டு முழ அகலத்தில் ஓர் அன்னப்பறவை செய்து வண்டியின் முன்வாயில் பொருத்தினார். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ஒரே வழி அதுதான். "கொஞ்சம் மேல தூக்கிக் கட்டக் கூடாதா?" என்றேன். "அன்னம் பறக்காதுங்க சார், மெதக்கணும்" என்றார். நால்வர் நின்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பாராட்டினேன்.

தேரடி வீதிப் பிள்ளையாரை வணங்கிவிட்டு மாப்பிள்ளை வந்தார். இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டு, கழுத்தில் கனத்த மாலை. வண்டி நிற்காமல் போகிறதா என்று தாமே உடனிருந்து பார்க்கப்போவதாகச் சொல்லிப் பெரியப்பா பின்னிருக்கையில் ஏறினார். ஏறினார் என்பது சரியன்று. முன்னிருக்கையை மடக்கி, அவரையும் ஏறக்குறைய மடக்கி, உள்ளே வைத்தோம். முன்னிருக்கை நிமிர்ந்ததும் அவர் வெளியே வர வழியில்லாமல் போயிற்று.

நாதசுரம் முன்னே நடந்தது. ட்யூப்லைட் சுமந்தவர்கள் இருபுறமும் நடந்தார்கள். வேலூர்ச் சாலையில் இருந்த மண்டபத்துக்கு ஒரு மைல் இருக்கும். கால் மைல் கடப்பதற்குள் முள் பாதியைத் தாண்டியது. நான் ஹீட்டரைத் திறந்தேன். மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் இளகி மூக்கின்மேல் இறங்கத் தொடங்கியது.

"தம்பி, ஏசி போட்டிருக்கீங்களா?" என்றார் பின்னாலிருந்து பெரியப்பா.

"என்னமோ ஒண்ணு போட்டிருக்கேன் மாமா."

"இன்னும் ஏறலியே."

"ஏறுது மாமா" என்றேன். என் கண் முள்ளின்மேல் இருந்தது.

மாப்பிள்ளை நல்லவர். கைக்குட்டையைப் பிழிந்து மடித்து வைத்துக்கொண்டு, "மச்சான், உள்ள வெந்நீர் போடற மாதிரி இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

நாற்சந்தி ஒன்றில் இனிப்புக்கடைக்காரர் ஒருவர் நாதசுரக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் மனம் நெகிழ்ந்து அங்கேயே நின்று விரிவாக ஓர் ஆலாபனை தொடங்கினார். அவர் நின்றதால் எல்லாரும் நின்றார்கள். முள் சிவப்பில் நுழைந்தது. அன்னத்தின் கழுத்தருகே ஆவி மெல்ல எழுந்ததைப் பார்த்து, முன்னால் நின்ற பெண்கள் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் எஞ்சின் தானே நின்றுவிடும். அதனோடு தங்கையின் கல்யாணமும் நின்றுவிடும். இடப்புறத் தெரு மட்டும் காலியாகக் கிடந்தது.

"மாப்பிள்ள, கெட்டியா புடிச்சிக்கோங்க."

"எத மச்சான்?"

நான் இடப்புறம் திருப்பினேன். இரண்டு தெரு தாண்டி வேலூர்ச் சாலை. மண்டபத்தை, வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற என் மனைவியை, ஆட்சியர் அலுவலகத்தைக் கடந்தோம். வேங்கிக்காலுக்கு அப்பால் சாலை ஆளின்றி நீண்டு கிடந்தது. அன்று வரை என்னோடு சலிப்பாகவே பேசிவந்த அந்த வண்டி, முதன்முறையாக வாய்விட்டுப் பாடியது. எண்பது, நூறு, நூற்றிருபது. சன்னல்களைத் திறந்துவிட்டேன். அன்னம் பறக்காது என்று பூக்காரர் சொன்னது பிழை. அது தலையை உயர்த்தி, ஒருமுறை கண்ணாடியில் மோதி, கூரைக்கு மேலே பறந்து மறைந்தது. மல்லிகை வலை பின்தொடர்ந்தது. முள் இறங்கியது. பின்னிருக்கையில் சத்தமே இல்லை. பெரியப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சி, நாயுடுமங்கலம் அருகே வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் தம்பி கம்மி பண்றீங்க?" என்றது குரல்.

திரும்பி வந்தபோது மண்டப வாசல் கலவரமாக இருந்தது. மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று எங்கள் பக்கமும், பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையைக் கடத்திவிட்டான் என்று அவர்கள் பக்கமும் வாதிட்டுக்கொண்டிருந்தன. அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். தங்கை மட்டும் மணமகள் அறையில் நிம்மதியாக இருந்தாளாம். "மாப்பிள்ளை ஓடறதா இருந்தா பஸ்ஸுல போயிருப்பாரு. வண்டி சூடாயிருக்கும், எங்கண்ணன் ஆற வெக்கக் கூட்டிக்கினு போயிருக்கான். டிபன் குடுங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை இறங்கினார். கழுத்தில் மாலை இல்லை. மாலையின் நார் மட்டும் இருந்தது. முன்னிருக்கையை மடக்கிப் பெரியப்பாவை வெளியே எடுத்தோம். அவர் தோள் துண்டு காற்றோடு போயிருந்தது. மிச்சமிருந்த முடியெல்லாம் செங்குத்தாக நின்றது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து கைகூப்பினார்.

"வண்டி நடுவுல..." என்று அப்பா தொடங்கினார்.

"நிக்கக் கூடாதுனுதான சொன்னேன்? ஓடக் கூடாதுனு சொன்னனா?" என்றார் பெரியப்பா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, நில அளவைக்காரர் குரலில், "இன்னா எல்லாரும் முழிக்கிறீங்க? மாப்பிள்ளைனா ஊர் எல்லையத் தொட்டுட்டு வரணும். எல்லையில பூவ வுட்டுட்டு வரணும். எங்க வகையறா வழக்கம் இது. மேளத்த வாசிங்கய்யா" என்றார்.

அவருடைய வகையறாவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அவரை எதிர்த்துக் கேட்க யாருக்கும் துணிவில்லை. மேளம் முழங்கியது. மறுநாள் காலை தாலி ஏறியது.

ஆறேழு ஆண்டுகள் கழித்து மாப்பிள்ளையின் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் ஊரில் புதிய கார்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஃபேன் மோட்டாருக்கும் பாய் எங்கிருந்தோ மாற்று கண்டுபிடித்துவிட்டதால், என் வண்டி எவ்வளவு நேரமும் குளிர்ந்து நிற்கும். ஆயினும் அழைப்பிதழ் வைக்க வந்தவர்கள், எல்லை தொடும் சடங்குக்கு நேரம் குறித்துக்கொண்டே வந்திருந்தார்கள். அந்தச் சடங்கின் வயது எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு எழுந்தது. தங்கை என் காலை மிதித்தாள்.

அன்று மாலை வண்டியை எடுக்கப் போனபோது, புது மாப்பிள்ளை வருவதற்கு முன்பே பெரியப்பா பின்னிருக்கையில் மடங்கி உட்கார்ந்திருந்தார். துண்டைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"தம்பி, எல்லை இப்ப நாயுடுமங்கலத்துல இல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "போளூர் வரைக்கும் தள்ளிப் போட்டுட்டாங்க."

"யார் மாமா தள்ளிப் போட்டது?"

"நான்தான்."