கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டிய பெயர்கள்

கணினித் திரையில் ஒரு பெயரின் அடியில் சிவப்புக் கோடு நெளிந்தால் இன்றும் அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். எங்கள் அச்சகம் யாங்கூனில், பசுந்தாங் ஓடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பிழை திருத்தும் மென்பொருள் இந்தியாவிலிருந்து வந்தது. பாதித் தமிழும் பாதி பர்மியமுமாகப் பெயர் வைத்துக்கொள்ளும் எங்களை அதற்குத் தெரியாது. டோ கின் என்று ஊரே மரியாதையாக அழைத்த அம்மாளை டோக்கன் ஆக்கச் சொல்லும். மௌங் என்று அடித்தால் மௌனமா என்று கேட்கும். பசுந்தாங்குக்குப் பதிலாகப் பசுந்தாளை நீட்டும். சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

நானும், அச்சகத்தில் கூட வேலை பார்க்கும் அக்காவும்தான் மெய்ப்புப் பார்ப்போம். அக்கா பர்மியப் பள்ளியில் படித்தவர். தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டார். அவர் கையால் எழுதிய சீட்டைப் பார்த்து உரக்கப் படிக்க, நான் அச்சுத்தாளில் சரிபார்ப்பேன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சொல்வார்: முதலில் எழுத்தெழுத்தாக, அடுத்துச் சேர்த்து, கடைசியில் எதிரே நிற்பவரைக் கூப்பிடுவதுபோல. எனக்குப் பொறுமை போய்விடும். “என்னக்கா, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு உக்கார வச்சு விருந்து வைக்கப் போறீங்களா?” என்று சீண்டுவேன். “கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும்ல சயா” என்பார். சயா என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி.

ஆடி அமாவாசைக்கு எங்கள் கோயிலில் ஒரு சிறு புத்தகம் அச்சிடுவார்கள். அந்த ஆண்டு இறந்துபோனவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பூசாரி அதைப் பார்த்துத்தான் சந்நிதியில் வாசிப்பார். தம்மவர் பெயர் காதில் விழும்வரை வீட்டார் உட்காரமாட்டார்கள். பெயர்களை எழுதிய சீட்டுகள் கோயில் உண்டியலுக்குப் பக்கத்துப் பெட்டியில் சேரும். யார் போட்டார்கள் என்ற விவரம் இருக்காது. இறந்தவர் பெயர் குப்பையில் கிடக்கக் கூடாது என்பது இங்குள்ள வழக்கம். அதனால் மெய்ப்பு முடிந்ததும் சீட்டுகளையும் அச்சுத்தாளையும் ஓடையில் விட்டுவிடுவோம்.

அந்த ஆண்டும் விட்டுவிட்டு வந்தேன். முன்னுரையில் இரண்டு பிழை கண்ணில் பட்டது. அதைத் திருத்தப் போய், ‘அனைத்தையும் மாற்று’ என்பதை அழுத்தினேன். சேமித்தேன், மூடினேன், வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை திறந்தபோது நூற்றுச் சொச்சம் பெயர்களில் பாதிக்கு மேல் ஆளே மாறியிருந்தது. பழைய கோப்பு கிடையாது, சீட்டும் கிடையாது. மாலைக்குள் அச்சேறியாக வேண்டும். தின்கன்ஜூனிலும் மிங்கலா தாங்ஞுன்ட்டிலும் சிதறிக் கிடக்கும் வீடுகளில் யாரிடம் போய்க் கேட்பது?

மழையில் நனைந்த குடையை மடக்கியபடி அக்கா வந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “தட்டுங்க சயா” என்றார்.

முதல் பெயரிலிருந்து தொடங்கினார். எழுத்தெழுத்தாக, சேர்த்து, கூப்பிடுவதுபோல. வரிசை மாறவில்லை. எந்தப் பெயருக்கு முன்னால் மரியாதைக்குக் கோ, எதற்கு ஊ, எந்த அம்மாளுக்கு இரண்டு பெயர் என்பதுகூடத் தப்பவில்லை. நான் எதைக் கேலி செய்தேனோ அந்த நிதானம்தான் அத்தனை பேரையும் அவருக்குள் பத்திரமாக வைத்திருந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அறுபது, எழுபது பெயர் தாண்டியிருக்கும். அக்கா நிறுத்திவிட்டார். அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். தை மாதம் இறந்துபோன அவருடைய கணவர். அவர் பெயரை அக்கா வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. மெய்ப்பின்போதும் அந்தச் சீட்டை மட்டும் பேசாமல் என் பக்கம் நகர்த்தியிருந்தார்.

“அத நான் போட்டுக்கிறேன்க்கா. நீங்க அடுத்ததச் சொல்லுங்க.”

அவர் தலையை அசைத்தார். “வேணாம் சயா. ஒண்ணத் தாண்டினா மத்தவங்க எல்லாம் விட்டுப்போயிருவாங்க. நானே சொல்றேன்.”

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார். மூன்று முறையும் சொன்னார். நான் தலை நிமிராமல் தட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் பெயருக்குப் போயிருந்தார்.