மாமனாருக்குக் கேட்ட ஆம்ப்ளிஃபையர்

டவுன் பஸ்ஸின் பின்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக, நெஞ்சோடு ஒரு கறுப்புப் பெட்டியை அணைத்துக்கொண்டு என் மாமனார் நின்ற காட்சி நாற்பது வருடங்களுக்குப் பிறகும் அப்படியே கண்ணில் நிற்கிறது. தெற்குவாசல் நிறுத்தம், காலை பதினோரு மணி வெயில், பஸ் நிறைய ஆட்கள். கண்டக்டர் விசிலை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு, "பெரியவரே, ஏறுறீகளா இல்லையா?" என்று கத்தினார். "நான் ஏறல. இது ஏறுதான்னு பாக்குறேன்" என்று அதைவிடப் பலமாகக் கத்தினார் மாமனார். சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிப் பார்த்தார். அது பாதிதான் போனது. மீதி ஆள் நடக்கும் வழியில் துருத்திக்கொண்டு நின்றது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஏறிய வழியே பெட்டியோடு இறங்கி வந்தார். பஸ் எங்களைத் திட்டிக்கொண்டே போனது. "இது வேணாம் மாப்ள. பஸ்ஸுக்குச் சேராது" என்றார். அன்று நாங்கள் பார்த்த மூன்று பெட்டிகளில் அது இரண்டாவது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பகலில் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. கல்யாணம், திருவிழா என்றால் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன். பேஸ் கிடாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அதில் தடித்த கம்பிகள் நான்கு. அதன் சத்தம் பாட்டுக்கு அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் போலக் கிடக்கும். இருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் பாட்டில் ஏதோ குறைகிறது என்று எல்லோருக்கும் தோன்றும், என்ன குறைகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இதை நான் எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப நீங்க பாட மாட்டீகளா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கென்று ஆம்ப்ளிஃபையர் கிடையாது. லீட் கிடார் வாசிக்கிறவரின் பெட்டியிலேயே என் வயரையும் சொருகிக்கொள்வேன். அவர் சத்தத்தில் என் சத்தம் கரைந்துவிடும். கல்யாணமான புதிதில் என் மாமனாரின் ஊரான கீழக்குயில்குடியில், கோயில் திருவிழாவுக்கு எங்கள் குழு வாசித்தது. பொண்டாட்டி ஊர் என்பதால் உயிரைக் கொடுத்து வாசித்தேன். மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் கூடிச் சொன்ன தீர்ப்பு, "மாப்பிள்ளை நல்லா நின்னாரு" என்பதுதான். ஒரு சித்தப்பா முறைக்காரர் மட்டும் இன்னும் அக்கறையாக, "அடுத்த வருசம் அவருக்கும் ஏதாச்சும் வாசிக்கக் குடுப்பாக" என்று ஆறுதல் சொன்னார்.

என் மாமனாருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. இத்தனைக்கும் அவருக்குப் பாதிக் காது கூடக் கேட்காது. கிணற்றுக்குள் இறங்கி ஆயில் எஞ்சினைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இருபது வருடம் தண்ணீர் இறைத்ததில் இரண்டு காதும் மந்தமாகிப் போயிருந்தன. அவர் பேசினால் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறர் பேசினால் அவருக்கு வாய் அசைவதுதான் தெரியும். திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து முழுக் கச்சேரியையும் பார்த்தவர், மற்றவர்களுக்காவது என் வாசிப்பு கேட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். "அம்புட்டுப் பேர் சத்தமும் கேட்டுச்சாம், எம்மருமகன் சத்தம் மட்டும் கேக்கலையாம்" என்று மகளிடம் புலம்பியிருக்கிறார்.

அதே சமயத்தில் எங்கள் குழுவை நடத்தி வந்த மாஸ்டர் எனக்கு ஒரு கெடு வைத்தார். வேன் வாடகை கட்டுப்படியாகவில்லை, இனி எல்லோரும் அவரவர் சாமானோடு பஸ்ஸில்தான் வர வேண்டும். லீட் கிடார்காரரும் தன் பெட்டியைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். "தம்பி, தை மாசத்துக்குள்ள தனிப் பெட்டி ஒண்ணு வாங்கிருங்க. இல்லாட்டி பேஸை நான் ஆர்கன்ல இடது கையாலேயே வாசிச்சுக்கிறேன்" என்றார். எட்டு வருடமாக நான் இரண்டு கையால் வாசித்ததை அவர் ஒரு கையால், அதுவும் இடது கையால் வாசிப்பேன் என்றது எனக்குச் சோறு இறங்காமல் செய்தது.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. தலைதீபாவளிக்கு எனக்கு அரைப் பவுனில் மோதிரம் போடுவதாகப் பேச்சு. அவள் தன் அப்பாவின் காதருகே போய், "மோதிரம் விரல்ல கெடந்து என்ன செய்யப் போகுது? கம்பியிலதான் உரசும். அந்தக் காசுக்கு அவருக்குப் பெட்டி வாங்கிக் குடுங்கப்பா" என்று கத்தினாள். அவர் உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். பெட்டியை அவர்தான் பார்த்து எடுப்பார்.

தெற்குவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் ரேடியோ, மைக் செட் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். பழைய ஆம்ப்ளிஃபையர்களை வாங்கிச் சரிசெய்து விற்பதும் உண்டு. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஒரு ஆள் ஒரு கையால் தூக்க வேண்டும், அடிக்கம்பியின் சத்தம் உடையாமல் வர வேண்டும், மோதிரத்தின் விலையைத் தாண்டக் கூடாது என்று அவரிடம் நான் சொன்னேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "தம்பி, நீங்க கேக்குறதுல மூணு கெடைக்கும். நாலாவது கெடைக்காது. எது வேணாம்னு நீங்களே சொல்லிருங்க" என்றார்.

முதலில் அவர் காட்டியது சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி. வெள்ளிக் குமிழ்களோடு அத்தனை அழகாக இருந்தது. தூக்கினால் பூக்கூடை கனம். கையோடு கொண்டுபோன கிடாரைச் சொருகி வாசித்துப் பார்த்தேன். மேல்கம்பிகள் கணீரென்று பேசின. அடிக்கம்பியைத் தட்டியதும் உள்ளே காகிதம் படபடத்தது. ஸ்பீக்கர் சிறிது, அதனால் தாங்கவில்லை. மாமனார் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "உள்ளுக்கு ஈ பறக்குது" என்றார். அவ்வளவு சரியாக நானே சொல்லியிருக்க மாட்டேன். விலையும் மோதிரத்தைத் தாண்டி வளையல்வரை போனது. இரண்டாவது பெட்டிதான் பஸ் ஏறி இறங்கியது. சத்தம் பிரமாதம். ஆனால் சுமந்துகொண்டு திரும்பிய மாமனார் கடையில் உட்கார்ந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது, பாய் தன் கையாலேயே செய்தது. பிளைவுட் பெட்டி, மேலே டிரங்குப் பெட்டியின் கைப்பிடி, முன்னால் சல்லடைத் துணிக்குப் பின்னே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். பார்க்க அழகில்லை. மாமனார் அதைத் தூக்கிக்கொண்டு சந்தின் கோடிவரை நடந்து திரும்பினார். மறுபடியும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நல்லவேளையாக இந்த முறை வேறு கண்டக்டர். பெட்டி சீட்டுக்கு அடியில் முழுதாகப் போயிற்று. திரும்பி வந்ததும் பாயிடம், "கரண்ட் இல்லாட்டி?" என்று கேட்டார். "மைக் செட் மாதிரி பேட்டரியிலயும் ஓடும் அண்ணே" என்று பாய் பின்பக்கத்தில் இருந்த இரண்டு திருகாணிகளைக் காட்டினார். மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது. நாளுக்கு ஆறு மணி நேரம்கூடக் கரண்ட் வராத தோட்டத்தில் பாடுபட்டவர் அவர்.

அடிக்கம்பியைத் தட்டினேன். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். இன்னொரு முறை என்று சைகை காட்டினார். நான் ஒரு பாட்டின் பேஸை முழுதாக வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் நெஞ்சைத் தொட்டு, "இங்கன முட்டுது மாப்ள. எனக்குக் கேக்குது" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு பேரம். பாய், "எண்ணூறு" என்றார். மாமனார், "முன்னூறா? சரி" என்றார். "எண்ணூறு அண்ணே!" "முன்னூறுதான, தாரேன்னுதான சொல்லுறேன்." பாய் எட்டு விரலைக் காட்டினார். மாமனார், "எட்டு மாசத் தவணையெல்லாம் வேணாம், கையோட குடுத்துடுறேன்" என்றார். பாய் தொண்டை வறளக் கத்தியதில் எதிர்க் கடைக்காரர்கள் வந்து கூடி, ஆளுக்கொரு பக்கமாக மாமனாரின் காதில் விலையைச் சொன்னார்கள். கடைசியில் பாய் அலுத்துப்போய், வாய்க்குள்ளேயே, "அறுநூறு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க, யா அல்லா" என்று முணுமுணுத்தார். அதை மட்டும் மாமனார் முதல் தடவையிலேயே கேட்டுக்கொண்டார். அன்று அவருக்கு உண்மையில் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் மனைவியிடம் கேட்டால், "எங்கப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டாக" என்று சிரிக்காமல் சொல்லுவாள்.

புதுப் பெட்டியோடு முதல் கச்சேரி நாகமலை புதுக்கோட்டையில், ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் முடிந்த கையோடு. நான் பெட்டியோடு பஸ்ஸில் போய் இறங்கினால், மண்டப வாசலில் மாமனார் நின்றுகொண்டிருக்கிறார். தோளில் சாக்கு. சாக்குக்குள் பங்காளி வீட்டு டிராக்டரிலிருந்து கழற்றிய பேட்டரி. அன்றைக்கு அந்த டிராக்டர் உழவு இல்லாமல் சும்மா நின்றதாம். ஒரு கையால் தூக்கும் பெட்டிக்காக அத்தனை அலைந்தோமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குக் கேட்காது என்பதால் விட்டுவிட்டேன். திருகாணியில் பேட்டரியை மாட்டிவிட்டு, மேடையோரத்தில், பெட்டிக்குப் பக்கத்திலேயே, சாப்பாட்டு நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. பாடகியின் மைக் செத்தது. ஆர்கன் செத்தது. லீட் கிடார் செத்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நான் கம்பியைப் பார்த்துக் குனிந்து வாசிக்கிறவன், கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்க டும், டும்டும், டும் என்று ஒரே ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது ஐந்நூறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார். நான் கம்பியிலிருந்து விரலை எடுக்கப் போனேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

மாமனாருக்குச் சிரிப்பும் கேட்கவில்லை, மற்றவர்கள் நிறுத்தியதும் தெரியவில்லை. அவருக்கு அதுவரை கேட்டதும் நான்தான், இப்போது கேட்பதும் நான்தான். கச்சேரி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் தயங்குவதைப் பார்த்து எழுந்து நின்று, மண்டபத்தின் கடைசி வரிசைவரை எட்டும் குரலில், "நிப்பாட்டாதீக மாப்ள! இப்பத்தான் சூடு பிடிக்குது!" என்றார். சிரிப்பு கைதட்டலாக மாறிவிட்டது. டிரம்ஸ்காரர் குச்சியை எடுத்துக்கொண்டார். பாடகி மேடை நுனிக்கு வந்து மைக் இல்லாமலே பாட, சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆட, கரண்ட் வரும்வரை கால் மணி நேரம் அந்தக் கல்யாணத்தை நானும் ஒரு டிராக்டர் பேட்டரியும் தாங்கிப் பிடித்தோம். சாப்பாட்டுப் பந்தியில் மாஸ்டர் என் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த கச்சேரிக்கும் மாமாவைக் கூட்டிட்டு வந்துருங்க தம்பி" என்றார். இடது கைப் பேச்சு அதோடு நின்றது.

அதன்பிறகு மாமனார் வெள்ளிக்கிழமைதோறும், சந்தைக்குக் காய் போட்டுவிட்டு, கோச்சடையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, "ஆரம்பிங்க" என்பார். பேஸைத் தவிர எதுவும் கேட்டறியாததால் பாட்டுக்கெல்லாம் அவரே பெயர் வைத்திருந்தார். எருமை ஓடையில இறங்குற பாட்டு, கிணத்துல வாளி விழுகுற பாட்டு, மாமியார் வீட்டுக்கு நடக்குற பாட்டு. ஊரே உருகிக் கேட்ட ஒரு காதல் பாட்டுக்குத்தான் எருமைப் பெயர். இன்று என் பேரன் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போடும்போது நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எதற்கு என்று அவனுக்குப் புரியாது. பாயின் பெட்டி ஸ்பீக்கர் கிழிந்து எப்போதோ போய்விட்டது. மாமனார் அதற்கும் முன்பே போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை வாசித்து முடித்த பிறகும் அவர் எழுந்திருக்காமல் யோசனையாக உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, ஒண்ணு கேக்கணும். நீங்க வாசிக்கையில அந்தப் பொம்பளப்பிள்ள வாயசைக்குது, மாஸ்டர் விரலை ஆட்டுறாரு. இதுக்கு மேல இன்னும் என்னமோ இருக்குன்னு எம்மக சொல்லுறா. நெசமாவா?" என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நான் அவர் காதருகே குனிந்தேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.