ரங்கண்ணன் கொண்டு வந்த முள்ளம்பன்றிக் கறி

ரங்கண்ணன் போய்விட்டார்... காலையில் பழைய மில் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். அவிநாசியில், அவர் வீட்டிலேயே. மத்தியானம் எடுக்கிறார்களாம்.

தொண்ணூறுகளில் மதுக்கரைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் டைப்பிஸ்ட். அவர் கேண்டீன் மாஸ்டர்.

வாரம் முழுக்க சாம்பார், ரசம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளே வேறு. தோட்டத்து வலைகளில் விழும் முயல், கௌதாரி எல்லாம் அவர் அடுப்புக்குத்தான் வரும். முயலுக்கு மிளகு தூக்கலாக வேண்டும், கௌதாரிக்கு மசாலாவே ஆகாது என்று எனக்குப் பாடம் எடுப்பார். நான் தயிர் சாதம் தின்றுகொண்டே கேட்பேன்.

எனக்கு வீசிங். பஞ்சுத் தூசி வேறு... மூன்று வாரம் முள்ளம்பன்றிக் கறி தின்றால் இளைப்பு நின்றுவிடும், கொண்டு வருகிறேன் என்றார். அப்போது எல்லாரும் அதை நம்பினோம். எப்போது கிடைக்கும் என்று நானே இரண்டு தடவை நச்சரித்தேன்.

கிடைத்தது. முள்ளை உருவி, தோலைத் தீயில் வாட்டி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கியிருந்தார். அடுத்த வாரங்களுக்கு உப்புக்கண்டம் போட்டு வைத்தார்.

கேண்டீன் பாத்திரத்தில் காட்டுக்கறி படக்கூடாது என்று தனித் தூக்குப்போசி. எங்கள் வீட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். அதனால் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் வாயிலேயே குமட்டியது.

“மருந்துன்னு நெனச்சுச் சாப்புடுங்க அம்மணி” என்று முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார்.

ஒரு முள்ளைக் கேட்டு வாங்கி, பென் ஸ்டாண்டில் வைத்துக்கொண்டேன். ஃபைலில் டேக் கோக்க ஓட்டை போட அவ்வளவு வசதி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மில்லில் மரம் நட ஃபாரஸ்ட் ஆபீசர் ஒருவர் வந்தார். மேனேஜருக்காகக் காத்திருந்தவர், அந்த முள்ளை எடுத்துப் பார்த்து, யார் கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்... எங்கள் கேண்டீன் ரங்கண்ணன் என்று.

இரண்டு வாரக் கறி நான் தின்றாகிவிட்டது. ஃபாரஸ்ட்காரர்கள் போனபோது மூன்றாவது வாரத்துக்கானது அவர் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாம்.

காட்டு விலங்கைக் கொன்றதாகக் கேஸ். பதினைந்து நாள் உள்ளே. வேலையும் போயிற்று. யாருக்கு என்று கேட்டதற்கு, “எனக்குத்தானுங்க, நான்தான் தின்னேன்” என்றிருக்கிறார்.

நான் வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அவர் வீட்டுப் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால்... ரங்கண்ணன். எனக்குத் தலை நிமிரவில்லை.

“மூணாவது வாரம் குடுக்க முடியாமப் போச்சுங்களே அம்மணி... எளப்பு நின்னுதுங்களா?”

“நின்னுபோச்சுங்கண்ணா” என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நிற்கவில்லை அண்ணா... இதை டைப் செய்யும்போதும் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கிறது. உங்கள் பெயரைச் சொன்னது யார் என்று நீங்கள் கடைசி வரை கேட்கவே இல்லை.

பஸ் ஏறிவிட்டேன். எடுப்பதற்குள் வந்துவிடுவேன்.

இந்தத் தடவை உங்க ஊட்டுக்கே வாரேனுங்கண்ணா.