கீழிருந்து மேலே எழுதிய கணக்கு

பக்கத்து மனையில் வீடு கட்ட ஆற்று மணல் கொட்டியிருக்கிறார்கள். ஈர மணல் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சிரிக்காதீர்கள், அது பரீட்சைப் பயம். வெள்ளைக்காரச் சக்கரவர்த்திக்கு டில்லியில் முடிசூட்டிய வருஷம் நான் திருநெல்வேலிக் காலேஜில் உயர்கணித வகுப்பில் இருந்தேன். தாமிரபரணி மணல்தான் எங்களுக்குக் கரும்பலகை. குறுக்குத்துறையில் குளித்துவிட்டு, பல் விளக்கிய வேப்பங்குச்சியாலேயே வளைகோடுகளை இழுப்போம். எருமை குறுக்கே நடந்தால் அன்றைய பாடம் முடிந்தது.

வகுப்பில் நாலே பேர். பரீட்சையில் ஒருவன் தவறினாலும் வகுப்பை மூடிவிட்டு எல்லோரையும் சரித்திரத்துக்கு அனுப்புவேன் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். எனக்கோ அந்த வகுப்பென்றால் உயிர்.

எங்கள் கவலையெல்லாம் சண்முகத்தைப் பற்றித்தான். எண்சுவடி ஒப்பித்து வளர்ந்தவன். எந்தக் கணக்கானாலும் கண்ணை மூடி, 'மாகாணி, அரைக்கால்' என்று பழைய பின்ன வாய்பாட்டை முணுமுணுத்து விடையைச் சொல்லிவிடுவான். எப்படி வந்தது என்று கேட்டால், "வந்துட்டு வே, பொறவு என்ன?" என்பான். வழி எழுதாத விடைக்குப் பூஜ்யம் என்று புரொபசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

யோசனை சொன்னது மீரான். மேலப்பாளையத்துக்காரன், குறும்புக்கென்றே பிறந்தவன். "ஏலே சம்முவம், விடையத் தாளுக்கு அடியில எழுதிக்க. அங்கன இருந்து பைய மேல ஏறு. படிக்குதவரு மேல இருந்துதான படிப்பாரு?"

வரக்கூடிய கணக்குகளுக்கெல்லாம் வழி தயாரித்து, அவன் மனப்பாடம் பண்ணக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. ரெண்டு வரிக் கணக்கைப் பக்கம் பக்கமாக இழுப்பேன். கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பரிமாறுவது மாதிரி ஒரு பெருமை.

பரீட்சையில் சண்முகம் மீரான் சொல்லிக் கொடுத்தபடியே அடியிலிருந்து ஏறினான். பாதித் தாளில் வழி தீர்ந்துபோய், மேலே எழுதிய கேள்விக்கும் அதற்கும் நடுவே வெற்றிடம் விழுந்தது. 'ஆகவே' என்பதற்கு மூன்று புள்ளி வைப்போமே, அந்த இடம் முழுக்க அதையே வரிசையாக வைத்து, மார்கழிக் கோலம் மாதிரி நிரப்பிவிட்டான்.

புரொபசர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். "ஒவ்வொரு அடியையும் இப்படி நிதானமா ஊன்றி வைக்கணும்," என்றார். மீரான் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்குக் கீழே எதையோ தேடினான்.

பிறகு என் தாள் வந்தது. "வழி பிரமாதம். போய்ச் சேர வேண்டிய ஊருக்குத்தான் போகலை," என்றார். ஜோடனையில் மயங்கி எல்லா விடையையும் கோட்டை விட்டிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சண்முகம் தேறினான், தவறியது நான்.

பிரின்சிபால் சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரம் எங்கள் அறையில் கிரிக்கெட் மட்டைகளைப் போட்டுப் பூட்டினார்கள். என்னால்தானே என்று வெட்கமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சண்முகம் என் கேள்வித்தாளை வாங்கிக் கண்ணை மூடி முணுமுணுத்தான். "அழாதலே. இந்தா, விடை சொல்லுதேன், கேட்டுக்கோ," என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அந்த விடைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. திருப்பிக் கேட்கச் சண்முகமும் இல்லை. நான் எழுதிய வழிகள் மட்டும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கின்றன.