நகம் கேட்ட கத்தி

பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில் நானும் என் நாத்தனாரும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறோம். சேற்றைத் துழாவித் துழாவி எங்கள் விரல்களில் நகமே நிற்பதில்லை. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை அருகே மடக்குக் கத்தி வாங்கியபோது அதை நான் யோசிக்கவில்லை. கடைக்காரரே திறந்து காட்டினார். கூர் மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன்.

மறுநாள் இடுப்பளவு தண்ணீரில், யாரோ விட்டுப்போன நைலான் வலை என் காலைச் சுற்றிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறும் நேரம், நெஞ்சுவரை வந்துவிட்டது. கத்தியை எடுத்தேன். அலகிலிருந்த மெல்லிய பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால்தான் அது திறக்கும். விரல் வழுக்கியது. நாத்தனாராலும் முடியவில்லை.

"அந்தக் கத்தியத் தூக்கிப் போடு அண்ணி! ஆடாத நில்லு!" என்று கத்தியவள் மூழ்கி, அடியில் கிடந்த சிப்பியின் உடைந்த விளிம்பால் வலையை அறுத்தாள். கால் விடுபட்டபோது தண்ணீர் என் மோவாயில் இருந்தது.

அடுத்த வாரம் அதே கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் கையை நனைத்தேன்.

"இன்னாக்கா, கத்தி வாங்க வந்தியா, கை கழுவ வந்தியா?" என்றார் கடைக்காரர்.

ஒவ்வொரு கத்தியாக எடுத்துத் திறந்து பார்த்தேன். அலகில் கட்டைவிரல் நுழையும் துளையுள்ள ஒன்று மட்டுமே ஈரக் கையில், ஒற்றைக் கையால் திறந்தது. இப்போது கடைக்காரர் திறந்து காட்டுவதை நாங்கள் பார்ப்பதில்லை. நனைத்த கையால் நாங்களே திறக்கிறோம்.